படிக்கட்டில் பேசக் கூடாது

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் கடையில் வைத்த பெயர் லிஃப்ட். பிரிட்ஜ், பீரோ, வாஷிங் மெஷின் என்று எதை விற்றாலும், "மாடியா? கவலையே படாதீங்க, நம்ம லிஃப்ட் வருவார்" என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்துவிடுவார். நான்காவது மாடியில் கதவைத் திறப்பவர்கள், மூச்சுக்கூட வாங்காமல் நிற்கிற அந்த நெட்டை மனிதரைப் பார்த்து அசந்துபோவார்கள். மூச்சு வாங்காமல் என்ன? கதவைத் தட்டுவதற்கு முன் படியிலேயே நின்று, மூச்சிரைப்பை அடக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தட்டுவார். இது அவருடைய கூட்டாளி என்னிடம் முடி வெட்டிக்கொள்ளும்போது சொன்னது.

நான் தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறேன். வாய் ஓடினால்தான் எனக்குக் கத்திரி ஓடும். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மாப்பிள்ளை இந்த ஊமைக்கோட்டான். கல்யாணமான புதிதில், "உன் வீட்டுக்காரர் பேச்சையும் நாலாவது மாடியில வெச்சுட்டு வந்துட்டாராம்மா?" என்று தங்கச்சியைக் கேட்பேன். அவள் சிரிப்பாள். அவரும் ஒரு ஓரமாகச் சிரிப்பார். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, தங்கச்சியை ஒருநாளும் அதட்டியது கிடையாது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவரைத் திட்டப்போகிறேன்.

பாரம் தூக்குகிற வேலையில் ஒரு முறை உண்டு. படியேறும்போது இருவரில் குள்ளமானவர் மேலே பிடிப்பார், உயரமானவர் கீழே. பாரத்தில் முக்கால்வாசி கீழே இருப்பவர் தோள் பட்டையில்தான் இறங்கும். அதனால் எப்போதும் கீழே நம்ம ஆள். ஏறி முடிக்கும்வரை தூக்கு, திருப்பு, வை என்ற மூன்று சொல்லைத் தவிர வேறு பேச்சே கிடையாது. பழைய கூட்டாளி ஒருவன் ஒருமுறை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் விரலைக் கொடுத்துவிட்டு, "ஐயோ" என்று கத்திவிட்டான். கத்தியவன் பிடியை விடவில்லை. கீழே இருந்த இவர்தான் பதறிப்போய் ஒரு படி பின்னால் வைத்தார். பீரோவும் இவரும் சேர்ந்தே கீழ்த் திருப்பம் வரை உருண்டு போனார்கள். அன்று போன இடுப்பு இன்றுவரை திரும்பவில்லை. இடுப்பு போனது தெரிந்தால் கடையில் வைத்துக்கொள்வார்களா? அதனால் அதையும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவரோடு தூக்க வருகிற எவருக்கும் முதல் பாடம் இதுதான்: "படியில வலின்னு வாயத் திறக்காத. இறக்கி வெச்சப்புறம் சொல்லு." படிக்கட்டுக்கு அது சரியான விதி. மேலே இருப்பவன் அலறினால் கீழே இருப்பவன் உயிர் போகும். நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். அதை அந்த மனுஷன் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

என் தங்கச்சி துணிக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். காய்ச்சல் வந்தால் அந்த வாரத்து வேலை முடிந்த பிறகுதான் படுப்பாள். ஆவி பட்டு முழங்கை வெந்துபோனதை நான் பார்த்துக் கேட்டபோது, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "அதெல்லாம் ஆறிடும்ண்ணே" என்றாள். பிறந்த வீட்டில் கொசு கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவள் அவள். அந்த வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டாள்.

தங்கச்சி மகன், அதாவது என் மருமகன், எட்டாம் வகுப்பு வரை என் கட்சிதான். பள்ளிக்கூடம் விட்டால் நேரே கடைக்கு வந்து காலி நாற்காலியில் ஏறிச் சுழன்றுகொண்டு, வாடிக்கையாளர்கள் போன பிறகு அவர்களைப் போலவே பேசிக் காட்டுவான். "தம்பி, மேல தொடாத, சைடுல மட்டும் எடு" என்று வழுக்கைத் தலையர் ஒருவர் சொல்வதை அவன் சொல்லிக் காட்டினால், என்னால் கத்தி பிடிக்க முடியாது. "டேய், உங்க அப்பன் பேசாம மிச்சம் பிடிச்சதையெல்லாம் நீ செலவு பண்றடா" என்பேன்.

ஒன்பதாம் வகுப்பு வந்தபோது அவனுக்கு மீசை அரும்பியது, கை கால் நீண்டது, திடீரென்று அப்பா கண்ணில் பட ஆரம்பித்தார். விடுமுறை நாட்களில் அவரோடு போவான். பிரிட்ஜின் கண்ணாடித் தட்டுகள், பீரோவின் இழுப்பறைகள் என்று சில்லறைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறுவான். அவனுக்கு முன்னால், தலைக்கு மேல், அவ்வளவு பெரிய இரும்பைத் தோளில் வாங்கிக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் அப்பா படிபடியாக ஏறுவதைப் பார்த்திருக்கிறான். எந்தப் பையனுக்குத்தான் அது பிடிக்காது? எனக்கே பிடிக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் பேச்சு சுருங்கியது. சுழலும் நாற்காலியில் சுழலாமல் உட்கார்ந்தான். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல மாமா". பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று என் கடையில் வந்து புலம்பாத அப்பன் இல்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் மருமகன் அப்பாவின் நடையைப் பார்த்தான், அப்பாவின் வாயைப் பார்த்தான், இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டான். மாப்பிள்ளைக்கு அதில் கொள்ளைப் பெருமை. "இவன் தாங்குவான் மச்சான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பாராட்டு வந்து நான் கேட்டதே இல்லை.

ஆனால் அவன் பாரம் தூக்க வரவேண்டும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. "நான் தூக்குறது என்னோட போகட்டும். இவன் ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேலை பாக்கணும்" என்பார். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் வீட்டில் டிவிக்குத் துணி போட்டு மூடிவிட்டார். பையன் படிக்கும்போது எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். எதுவும் சொல்லிக்கொடுக்கத் தெரியாது, சும்மா துணைக்கு. உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். அவருக்கு விழிப்புத் தட்டும்வரை பையனும் எழுந்திருக்கமாட்டான்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி வராததால், பையன் தானே மேல்பக்கம் பிடிக்கிறேன் என்று போனான். வாஷிங் மெஷின்தான், பெரிய கனமில்லை. கடைசித் திருப்பத்தில் கால் இடறி முட்டி படியின் விளிம்பில் இடித்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. இறக்கி வைத்த பிறகும் திறக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் நொண்டியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தைலம் தேய்த்துவிட்டார். ஒரு வாரத்தில் சரியானது போல இருந்தது. பிறகு மறுபடியும் வலித்தது, அடுத்த மாதமும் வலித்தது.

பையன் நொண்டுவது அக்கம்பக்கத்தில் கண்ணில் பட ஆரம்பித்தபோது அவர் செய்த காரியத்தை, சமையற்கட்டிலிருந்து பார்த்த என் தங்கச்சி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவனைக் கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடக்கவிட்டுச் சொல்லிக்கொடுத்தாராம். "வலிக்கிற கால மட்டும் மெதுவா வெச்சாதான் நொண்டுறது தெரியும். நல்ல காலையும் அதே மாதிரி மெதுவா வை. முகத்தக் கீழ போடாத, தூரமாப் பாரு. அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது." அப்பா இத்தனை வருடமாக ஏன் அப்படி நிதானமாக நடக்கிறார் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்திருக்கும். நன்றாகக் கற்றுக்கொண்டான். தெருவில் வரும்போது, பெரிய மனிதன் தோரணை வந்துவிட்டது என்று நானே கேலி செய்தேன்.

அரையாண்டு விடுமுறையில் முடி வெட்ட வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளாலும் தன் வலது காலைத் தூக்கிக் கால்தாங்கியில் வைத்தான். என் அப்பா வயதுக்காரர்கள் செய்வது அது.

"என்னடா கால்ல?"

"ஒண்ணுமில்ல மாமா."

"பேன்ட்டத் தூக்கு, பாக்கலாம்."

"வெட்டுங்க மாமா, படிக்கணும்."

அன்று மாலையே கடையைச் சாத்திவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, பையனை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கால் சரியில்ல."

"சுளுக்கு மச்சான். பரீட்சை நெருங்கிடுச்சு. இப்பப் போய் டாக்டர், எக்ஸ்ரேன்னு அலைஞ்சா அவன் மனசு கலைஞ்சிடும். எனக்கு இல்லாத முட்டி வலியா?"

"உனக்கு இருக்கிறதெல்லாம் அவனுக்கும் இருக்கணும்னு சட்டமாய்யா?" எனக்கு மரியாதை பறந்துவிட்டது. "பீரோ தூக்கித் தூக்கி உன் நெஞ்சும் இரும்பாப் போச்சா? பெத்த புள்ள கால இழுத்துட்டு நடக்கிறான், உனக்குக் கண்ணு தெரியலையா?"

அவர் குனிந்து, கழுவிய காலையே மறுபடியும் கழுவினார். உள்ளேயிருந்து பையன்தான் வந்தான், நிதானமாக, இரண்டு காலையும் ஒரே மாதிரி வைத்து. "மாமா, எனக்கு நல்லாத்தான் இருக்கு. அப்பாவ எதுவும் சொல்லாதீங்க. பரீட்சை முடியட்டும்." தங்கச்சி யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள் வீட்டு விவகாரம், நான் யார் என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

பரீட்சை நடந்த அறை இரண்டாவது மாடியில். கூடப் படித்தவன் ஒருவன் சொன்னான்: எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவானாம். யாரும் பார்ப்பதற்கு முன் கைப்பிடியைப் பிடித்து ஏறி, வாசலில் நின்று மூச்சைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவானாம்.

கடைசிப் பரீட்சை அன்று அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்து காத்திருந்தார். பையன் நேரே வந்து அவர் முன்னால் நின்றான். "எல்லாம் எழுதிட்டேன்பா. இறக்கி வெச்சாச்சு. இப்பக் காலக் கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றான். தங்கச்சி சொன்னாள், அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லையாம். அவன் தோளில் தட்டிக்கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, பேன்ட்டை மேலே ஏற்றினார். முட்டிக்கு மேல் தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்று வீங்கியிருந்தது. ஏற்றிய பேன்ட்டை அவர் உடனே கீழே இறக்கிவிட்டாராம், பார்க்காவிட்டால் இல்லாமல் போய்விடும் என்பதைப் போல.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அந்த நேரத்தில் கோபம் எங்கே நிற்கும்? டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா வலிக்குது?" என்று கேட்டார். மாப்பிள்ளை மகனைப் பார்த்தார். மகன் அப்பாவைப் பார்த்தான். "இப்பத்தான் டாக்டர், கொஞ்ச நாளா" என்றான் பையன். அப்பாவைக் காப்பாற்றுகிறானாம். டாக்டரம்மா அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார். எலும்பில் புற்றுநோய். படியில் இடித்ததால் வந்ததில்லை. அதற்கு முன்பே உள்ளே இருந்தது, இடித்ததால் வலி தெரிந்தது. "அப்பவே வந்திருந்தா காலையே காப்பாத்தியிருக்கலாம். யாருமே கவனிக்கலையா? நடக்கும்போது நொண்டியிருப்பானே?"

"நொண்டல டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. பிறகு, "நான்தான் நொண்டாம நடக்கச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார். டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவரை அங்கேயே நாலு அறை அறையவேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

முதல் மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள் அவனைக் கடையில் உட்காரவைத்து நானே மொட்டையடித்தேன். கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்வதைப் பார்ப்பதற்கு அது மேல் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிடரியில் அவனுக்கு இரண்டு சுழி. "ரெட்டைச் சுழிக்காரன் யாருக்கும் அடங்கமாட்டான்னு சொல்லுவாங்கடா, நீ மட்டும் எப்படிடா இப்படி அடங்கிப் போன?" என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். துண்டை உதறிவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

மருந்து ஏற்றினார்கள், காலைத் தொடையோடு எடுத்தார்கள், மறுபடி மருந்து ஏற்றினார்கள். நடுவில் பரீட்சை முடிவு வந்தது. நல்ல மார்க். கணக்கில் பள்ளியிலேயே இரண்டாவது. மாப்பிள்ளை அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், யாரிடமும் காட்டவில்லை.

இப்போது அவர் ஆளே மாறிவிட்டார். வேலைக்குப் போய்வந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கட்டிலருகில் நின்று, "வலிக்குதாடா? எங்க வலிக்குது? சொல்லுடா" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு அந்த ஒரே கேள்வியாக வந்தது. பையன் மாறவில்லை. "இல்லப்பா." எப்போது கேட்டாலும் "இல்லப்பா."

ஒருநாள் காலை டாக்டரம்மா வந்து, "இருமல் இருக்காமே? மூச்சு இழுக்கும்போது எங்கயாவது பிடிக்குதா? இருந்தா மறைக்காதப்பா, அதுக்குத் தகுந்தாற்போல்தான் மருந்த மாத்தணும்" என்றார். நுரையீரலுக்குப் போய்விடக்கூடும் என்று எங்களிடம் முன்பே எச்சரித்திருந்தார். பையன் எதிர்ச் சுவரைத் தூரமாகப் பார்த்தான். "இல்ல டாக்டர்."

"பொய் டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "வலது பக்கம், விலாவுக்குக் கீழ. ரெண்டு மூணு நாளா இருக்கு. பாதி மூச்சுதான் இழுக்கிறான். எனக்குத் தெரியாதா? நான் அப்படித்தான் இழுப்பேன்."

"அப்பா, எனக்கு ஒண்ணுமில்ல."

"சொல்லுடா. ஐயோன்னு கத்துடா. அப்பா எதுவும் நினைக்கமாட்டேன்டா."

பையன் உதட்டை அழுத்திக்கொண்டான். அப்போது என் மாப்பிள்ளை அந்த வார்டின் நடுவில், சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்தார். "எனக்கு இடுப்பு வலிக்குதுடா!" என்று கத்தினார். "நீ பொறக்கிறதுக்கு முன்னாடியிலிருந்து வலிக்குது. முட்டி ரெண்டும் வலிக்குது. தோள் பட்டை எரியுது. ஒவ்வொரு படிக்கும் எனக்கு அழுகை வரும்டா, தெரியுமா? எனக்கு முடியலடா!" பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஓடிவந்தாள். தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பையன் மட்டும் குனிந்து, தணிந்த குரலில் சொன்னான்: "எழுந்திருங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் இருந்தது, இரண்டு பக்கமும். அதற்கு மேல் செய்ய அதிகமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அல்லது இங்கேயே வைத்துக்கொள்ளலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாடிப்படி ஏறவேண்டிய வீடு, அதனால் அங்கேயே வைத்துக்கொண்டோம். மாப்பிள்ளை வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

கடைசி வாரத்தில் ஒரு பகல் பொழுது. தங்கச்சி துணி அலசப் போயிருந்தாள். நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து மாப்பிள்ளை வேகமாக வந்தார். அவர் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, நன்றாக நொண்டிக்கொண்டு வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வலிக்குதுப்பான்னு சொல்லிட்டான். என் கையப் பிடிச்சுக்கிட்டு, தாங்க முடியலப்பான்னு சொல்றான். இப்ப நான் என்ன பண்ணணும் மச்சான்?"

நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.